மேற்கு வாசல் கல்

பொய்பெட், 3 பிப்ரவரி 1998

என்னங்க,

நலம்தானே? சந்தையில் வண்டி தள்ளித் தள்ளி எனக்குத் தோள் கழன்றுவிட்டது. நம் மகன் தோன் அந்தத் துப்பாக்கிக்காரர்களோடு போய் ஐந்து மாதமாகிறது. கோயில் பூதமுகத்தோடு நாளெல்லாம் பேசுகிற காவல்காரர் உங்களுக்கு, அவர்கள் தலைவனிடம் போய்ப் பிள்ளையை விடச் சொல்ல வாய் வராதா? பயமாக இருக்கிறது.

உங்கள் நாரி

ஸ்வாய் செக், 19 பிப்ரவரி

அன்பு நாரி,

தலைவனிடம் கேட்டுவிட்டேன். "பெரியவரே, மேற்கு வாசலுக்கு மேல இருக்கே சிற்பக் கல்லு, அதைச் சேதமில்லாம இறக்கிக் குடு. உம் மவனை அப்பவே கூட்டிட்டுப் போ" என்றான். அதே பூதமுகம்தான், வாயிலிருந்து இருபக்கமும் பூமாலை வழியுமே, அது. பதினைந்து வருடம் காத்த கல். ஆனாலும் சரி என்றேன்.

சுவருக்கு ஆபத்தில்லை. நம் கோயில்களில் அலங்காரக் கல் சுமை தாங்காது. பின்னால் மறைந்திருக்கும் சிற்பமில்லாத மொட்டைக் கல்தான் தாங்கும். முட்டுக் கொடுத்தால் இரண்டு நாள் இழுக்கும், அதற்குள் அவன் மனம் மாறிவிட்டால்? முட்டு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் லாரி வருகிறது, அன்றே இறக்குகிறோம்.

சோயுன்

பொய்பெட், 24 பிப்ரவரி

என்னங்க,

கல் போனால் போகட்டும், சாமி மன்னிக்கும். தோனுக்கு இங்கேயே மூட்டை தூக்கும் வேலை சொல்லி வைத்திருக்கிறேன். புளித்த மீனும் பச்சை மாங்காயும் தயார். சனிக்கிழமை இருவரும் லாரி ஏறிவிடுங்கள். எனக்குச் சிரிப்பாக வருகிறது, எத்தனை நாளாயிற்று!

நாரி

ஸ்வாய் செக், 7 மார்ச்

நாரி,

சண்டையால் சாலை மூடிவிட்டது. இதுவரை உனக்குச் சொல்லியனுப்ப வழியில்லாமல் போயிற்று. தோன் இல்லை.

பின்கல் எப்போதோ குறுக்கே வெடித்திருந்திருக்கிறது. இத்தனை காலமும் அலங்காரக் கல்தான் வாசலைத் தாங்கி நின்றிருக்கிறது. நான் பின்னால் போய்ப் பார்க்கவே இல்லை. கல்லை வெளியே இழுத்ததும் மேல்சுவர் அப்படியே இறங்கியது.

அடியில் நிற்க மற்றவர்கள் பயந்தார்கள். "எங்கப்பா சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்று அவனே போய் நின்றான்.

நேற்று ஏழாம் நாள் சடங்கு முடிந்தது. அந்தக் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

சோயுன்

பொய்பெட், 20 மார்ச்

நூறாம் நாள் சடங்குக்கு விகாரைக்கு வருவேன். பிக்குகளுக்கு நானே சோறு வைப்பேன். அன்றைக்கு நீங்கள் வர வேண்டாம். கண்ணில் பட்டால் அழுதுவிடுவேன், அழுதால் மன்னித்துவிடுவேன். எனக்கு மன்னிக்க விருப்பமில்லை.

தோனின் அம்மா