அப்பாவின் கடைவாய்ப்பல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பா நலமா என்பதைப் படித்துவிட்டு நீயே சொல். போனில் பேசலாமென்றால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

அந்தக் கீழ்க் கடைவாய்ப்பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது. ஈறு வீங்கிச் சீழ் வைத்து, போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல். ரொட்டியைக்கூடப் பாலில் ஊறவைத்து ஒரு பக்கமாகவே மெல்லுகிறார். வேர் சிகிச்சை செய்த பல், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் வேரில் மயிரிழை விரிசல் இருக்கும்போலத் தோன்றுகிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. இப்படியே விட்டால் எலும்பு கரைந்து பக்கத்துப் பல்லும் ஆடிவிடுமாம்.

உன் அப்பா வாயைத் திறந்து காட்டுவதை விட்டுவிட்டு அந்த அம்மாவுக்கே பாடம் எடுத்தார். "எக்ஸ்ரேல இதெல்லாம் தெரியாதும்மா. என் பொண்ணு ஒரு மெஷின் செய்யறா. நூல் மாதிரி ஒண்ணை வேருக்குள்ள விட்டு, வெளிச்சத்தாலயே படம் எடுத்துடும். அவ வந்து பார்க்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்றார். வெளியே காத்திருந்தவர்களிடமும் அதே கதைதான். எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா பாவம், மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். இது நாலாவது தடவை.

உன்னைத்தான் சொல்ல வேண்டும். உன் மெஷின் இன்னும் பிடுங்கிப் போட்ட பல்லைத்தான் பார்க்கிறது, ஆள் வாய்க்குள் விடப் பல வருஷம் ஆகும் என்று என்னிடம் சொன்னாயே, அதை அவரிடம் சொன்னால் என்ன? கேட்டால், "அப்பா ரொம்பப் பெருமையா பேசறாரும்மா" என்று இழுக்கிறாய். நான் சொன்னாலோ, "உனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுகிறார். அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து என் உயிரை வாங்குகிறீர்கள்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன், மூன்று வருஷமாக வராதவள் உங்கள் பல்லுக்காகவா வரப்போகிறாள் என்று. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

சரி, ஒன்று செய். உண்மையைச் சொல்ல வாய் வராவிட்டால் விடு. "அப்பா, சோதனைக்கு விரிசல் விட்ட பல்லு ஒண்ணு வேணும், உங்களோடதைத் தர்றீங்களா?" என்று கேள். வலிக்கிறதே, எடுத்துவிடுங்கள் என்றால் அசையமாட்டார். உனக்கு வேண்டுமென்றால் நல்ல பல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். காயவிடாமல் உப்புநீரில் போட்டு வைக்க வேண்டும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. புட்டியைக்கூடக் கழுவி வைத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, கண்ணே. ஆனால் பல்லைத் தபாலில் அனுப்பமாட்டேன். நீயே வந்து வாங்கிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அம்மா