ஐந்து துளை போதும் என்றார்கள்

அம்மா,

அறுவை சிகிச்சைக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருக்கிறது. நீ மாதா கோயில் பூசையிலிருந்து வருவதற்குள் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். மத்தியானம் வரும்போது என் ஆதார் கார்டை எடுத்து வா. நேற்று மீன் குழம்புத் தட்டைத் தள்ளியது கோபத்தால் இல்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"வவுத்தப் பொளக்காம கல்ல எப்புடிடி எடுப்பாங்க?" என்று கேட்டாய். ஐந்து சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்வார்கள். வலி குறைவு, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். திறந்து செய்தால் நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள்வரை கீறல். ஆற நாளாகும், பிற்பாடு தையல் வழியே குடல் பிதுங்கவும் கூடும். தழும்பை யாரும் பார்த்துக் கேட்க மாட்டார்கள் என்பதற்காகவும்தான் துளை போதும் என்றேன். ஆனால் உள்ளே சிக்கல் என்றால் நடுவிலேயே திறக்க நேரலாமாம். அப்போது டாக்டர் உன்னைக் கூப்பிட்டுப் பேசுவார். அவர் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.

"சோத்தக் கொறைக்கத் தெரியாதவளுங்கதான் வவுத்த அறுத்துக்கிறாளுங்க" என்று டிவி பார்த்துச் சிரித்தாயே, அன்றே உன்னிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிறு மன்றாட்டில் என் பெயரைச் சொல்லி, கல் கரைய ஊரே செபித்தபோது தலை நிமிர முடியவில்லை. இன்றும் அதற்காகத்தான் கோயிலுக்குப் போயிருக்கிறாய்.

அம்மா, என் வயிற்றில் கல் எதுவும் இல்லை. உடம்பு இளைக்க, இரைப்பையைச் சின்னதாக்கிக்கொள்ளப் போகிறேன்.