நாத்தனார் நேரம்

மார்ச் 3, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும் முன் நேற்றைய பதிவை எடிட் செய்ய உட்கார்ந்தேன். முதல் மூன்று நிமிடமும் வெறும் குசல விசாரிப்பு. "எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள். எத்தனை பேர் எதுவரை கேட்டார்கள் என்று காட்டும் கோடு அங்கேயே சரிந்து விழுகிறது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். "அந்த ஆளு மருந்துச் சீட்ட நீட்டிட்டு என் மூஞ்சியவே பாக்கல" என்று அண்ணி சொல்லும் இடத்திலிருந்து தொடங்கினேன். இப்போது உயிர் வந்திருக்கிறது.

அண்ணிக்கு மருந்துக்கடையில் வேலை, எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில். மனிதர்கள் கூச்சத்தோடு சொல்வதை நாள் முழுக்கக் கேட்கிறோம். அதைப் பேசத்தான், அம்மாவும் நானும் இருக்கும் வீட்டில் என் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, இந்தப் பாட்காஸ்டைத் தொடங்கினோம். "நாத்தனார் நேரம்" என்று பெயர் வைத்தது அண்ணிதான். "சண்டை வரும்னு நெனச்சாவது நாலு பேர் கேப்பாங்க" என்றார். சண்டைதான் வரவில்லை, கேட்பவர்கள் வந்துவிட்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல இடத்தில் அம்மா சமையலறையில் பாத்திரத்தைப் போட்டாள். மறுபடி சொல்லச் சொன்னால் அண்ணிக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. பாத்திரத்தோடேயே விட்டுவிட்டேன்.

இன்றும் அதிகம் சிரித்தது "நம்ம ஆள்" கதைக்குத்தான். நம்ம ஆள் என்றால் என் அண்ணன். போர்வையை மடிக்கும்போது நான்கு மூலையும் ஒட்டவில்லை என்றால் உதறிவிட்டு மறுபடி மடிக்கிற மனிதன். கேட்பவர்களுக்கு அவன்மேல் ஒரே பாசம்.

மார்ச் 21, சனி

பதிவு முடிந்து மைக்கை அணைத்தேன். அண்ணி ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"நாங்க பிரியறதா முடிவு பண்ணிட்டோம். உங்கிட்ட நானே சொல்லிடறேன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன்."

ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"என்ன சண்டை அண்ணி?"

"சண்டை போட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. அதான் விஷயமே."

வேறு யாரும் இல்லையாம். அடி, திட்டு எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டதாம்.

எனக்கு ஏன் தெரியல? வாராவாரம் முட்டி இடிக்கப் பக்கத்துல உக்காந்து பேசியிருக்கேன். ஊர்ல இருக்கறவங்க குரல்ல என்ன ஒளிஞ்சிருக்குன்னு பாடம் நடத்துறேன்— இது காதுல விழலியே. இன்னைக்குப் பேசினத எடிட் பண்ணக் கை வரல.

மார்ச் 24, செவ்வாய்

அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று பேசினாள். "அவனுக்கே அவ பொண்டாட்டி இல்லன்னு ஆனப்புறம் உனக்கு அவ யாரு?"

குளிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. கூடத்துச் சோபாவில் படுக்கை.

அவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனே ஆரம்பித்தான்.

"நீங்க பேசுறத ஒண்ணு விடாம கேட்டிருக்கேன். ஆபீஸ் போற வழியில."

"கோவமா அண்ணா?"

"கோவமில்ல. நானே சிரிச்சிருக்கேன். அவ என்னப் பத்தி அவ்வளவு பேசுறது அதுல மட்டும்தான்." டம்ளரைக் கீழே வைத்தான். "இனிமே என்னப் பத்தி வேண்டாம். அது போதும்."

சரி என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணி இப்போது வருவதில்லை; தனியாகப் பேசி ஒரு எபிசோட் போட்டேன். எழுதி வைத்துப் படித்தேன். ரயில் வருகையை அறிவிப்பதுபோல் இருந்தது. என்னாலேயே முழுதாகக் கேட்க முடியவில்லை, பாவம் மற்றவர்கள். கேட்பவர்களில் ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "உங்க அண்ணிக்கு உடம்பு சரியில்லையாம்மா? நம்ம ஆள் நல்லா இருக்காரா?"

ஏப்ரல் 9, வியாழன்

கீழ்வீட்டுத் தையல்காரரை விருந்தினராகக் கூப்பிட்டேன். சாதாரணமாக மனுஷர் பேசப் பிடித்தால் விடமாட்டார். மைக்கைக் கண்டதும் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நிமிர்ந்துவிட்டார். என் பத்துக் கேள்விக்கும் "ஆமாம்", "இல்லை", "அப்படித்தான்".

அணைத்த பிறகு, ஒரு மாப்பிள்ளை தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுத்து, கல்யாணத்தன்று மூச்சுவிட முடியாமல் நின்ற கதையைச் சொல்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இத அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா."

உண்மைதான். அடுத்த கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை எங்கே பார்த்தேன்? அண்ணியாக இருந்தால் அந்த முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்திருப்பார்.

ஏப்ரல் 18, சனி

மருந்துக்கடை வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"என்ன வேணும்?" என்றார் அண்ணி, முகத்தில் எதையும் காட்டாமல்.

"தலைவலி மாத்திரை."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

பின்கட்டில் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். இளைத்திருக்கிறார். அம்மாவின் முட்டிவலியைப் பற்றி முதலில் கேட்டார்.

கேட்பவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. "சிரிக்கறதுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சிட்டு, இப்ப மூஞ்சியத் திருப்பிட்டுப் போனா எப்படி?"

"அண்ணன் தன்னப் பத்திப் பேச வேண்டாங்கறான்."

"நியாயம். நான் என்னப் பத்திப் பேசறேன். நீ உன்னப் பத்திப் பேசு. போடறதுக்கு முன்னாடி அவர் கேக்கட்டும். வேண்டாம்னா விட்டுடுவோம்."

ஏப்ரல் 26, ஞாயிறு

அண்ணியின் புது அறை. சாமான் இல்லாததால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் எதிரொலி. மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஒரே போர்வையைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு இருவரும் வேர்க்க வேர்க்கப் பேசினோம். "இருக்கறதே இந்த ஒரு போர்வதான்" என்று மைக்கில் சொல்லித்தான் அண்ணி தொடங்கினார்.

"உள்ள யாரும் இல்லன்னு தெரிஞ்சும் சாவிய மெதுவாத்தான் திருப்பறேன்" என்றார். என் நாக்கு நுனிவரை அடுத்த கேள்வி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். பிறகு அவராகவே, "அவர் கெட்டவர் இல்ல. கெட்டவரா இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

போர்வைக்குள் நான் அழுதது பதிவாகியிருக்கிறது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும். அதை எடுத்துவிடலாம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அண்ணனைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை வெட்டினேன். கொடுத்த வாக்கு வாக்குதானே.

சாயங்காலம் அண்ணனைச் சமையலறை மேசை முன் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள், காது மட்டும் இங்கே. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஓரிடத்தில் புருவம் சுருங்கியது. பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டான்.

"சாவின்னு சொன்னப்புறம் அவ ஏதோ சொன்னா. நீ எடுத்துட்டே."

"எப்படித் தெரியும்?"

"மூச்சு இழுத்தாளே, பேசறதுக்கு."

வெட்டியதைத் தனியாகப் போட்டுக் காட்டினேன். கேட்டான். மேசைமேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன்.

"இத இருந்த எடத்துலயே வச்சிடு" என்றான். முகம் கழுவப் போனான். வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

மே 3, ஞாயிறு

போட்டுவிட்டேன்.

மே 5, செவ்வாய்

"குடும்ப விஷயத்தை அம்பலத்தில் வைக்கிறீர்கள்" என்று ஒருவர். "வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன்" என்று இன்னொருவர். தையல்காரர் மாடிப்படியில் மறித்துத் தலையை ஆட்டினார்.

சாப்பிடும்போது அம்மா, "ஒரே போர்வையா அவகிட்ட?" என்றாள். கேட்டிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பரணிலிருந்து இறக்கிய போர்வை ஒன்று என் தோள்பைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஜூலை 16, வியாழன்

கோர்ட்டில் விவாகரத்து மனுவில் கையெழுத்தாகிவிட்டது. அண்ணன் விடுப்பு எடுக்கவில்லை. மதியம் அலுவலகம் போய்விட்டான்.

ஜூலை 18, சனி

காலையிலிருந்து மழை. மைக்கையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு எப்படிப் போவது என்று வாசலில் நின்றேன். அண்ணன் கார் சாவியை எடுத்தான், தையல்காரரும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

அண்ணியின் கட்டிடத்தின் முன் நிறுத்தினான். மேலே வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. "ஒரு மணி நேரமாவது ஆகும், நீ போ" என்றேன். "இருக்கேன்" என்றான்.

இன்று மூக்குக்கண்ணாடி போட்டால் கிழடு தட்டிவிடும் என்று பயப்படுகிறவர்களைப் பற்றிப் பேச்சு. தையல்காரர் விருந்தினர். அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டோம், அப்புறம் நிறுத்துவதுதான் பாடாகிவிட்டது. நடுவில் அண்ணி தண்ணீர் எடுக்க எழுந்தவர் ஜன்னலோரம் நின்றார்.

"கீழ கார்ல இருக்கறது உங்கண்ணனா?"

"ஆமா."

பிறகு வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"சீக்கிரம் முடிச்சிடுவோம். அவர் பசி தாங்க மாட்டார்."