நான்காம் மாடியில் கட்டி வைத்த மூட்டைகள் குறித்து

அனுப்புநர்:
இஸ்திரிக்காரம்மாவின் மகள்,
மூன்றாம் பிளாக், நான்காம் மாடி.

பெறுநர்:
ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள்,
குடியிருப்பு அலுவலகம்.

பொருள்: தரைத்தள வீடு கேட்டது – தங்கள் பதிலில் உள்ள ஒரு வினைச்சொல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பதில் வந்த பிறகும் எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு யாரும் இரண்டாவது முறை எழுதியதில்லை.

1. என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. இஸ்திரித் துணிகள் கயிறு கட்டிய வாளியில் ஏறி, வாளியிலேயே இறங்குகின்றன. தரைத்தளத்தின் கடைசி வீடு பூட்டியே கிடப்பதால் அதைக் கேட்டு விண்ணப்பித்தோம்.

2. விண்ணப்பம் 'எக்ஸ்பெடைட்' செய்யப்படுவதாகத் தாங்கள் ஆங்கிலத்தில் பதில் அனுப்பினீர்கள். வீட்டில் பட்டம் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், பொருள் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. விரைவுபடுத்துவது என்றேன். அம்மா அன்று மாலையே பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டார். இப்போது சமைப்பதும் வெந்நீர் வைப்பதும் ஒரே பாத்திரத்தில்.

3. வாளி இறங்கும்போதெல்லாம் காவலாளி அண்ணன், "என்னக்கா, இன்னும் கிளம்பலையா? வண்டி பஞ்சரா?" என்று கீழேயிருந்து கத்துகிறார். அம்மா மேலேயிருந்து, "எம் பொண்ணு சொல்லிட்டாள்ல, கிடைச்சிடும் போய்யா" என்கிறார். பிளாக் முழுவதும் கேட்கிறது.

4. எனக்கே சந்தேகம் வந்து நூலகத்தில் பெரிய அகராதியைப் பார்த்தேன். நான் சொன்ன பொருள் சரிதான். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பெஸ்' என்றால் கால். விலங்கில் சிக்கிய காலை வெளியே எடுத்துவிடுவதுதான் மூலப்பொருளாம். காலை விலங்கில் மாட்டுவதற்கும் அதே வேரிலிருந்து 'இம்பீட்' என்றொரு சொல் உண்டு. தங்கள் கடிதத்தில் அது இல்லை என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

5. இதை அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவு நல்ல வார்த்தைய எழுதினவங்க ஏன்டி ஏமாத்தப் போறாங்க?" என்று சொல்லி, மிச்சமிருந்த மூட்டையையும் கட்டிவிட்டார். என் போர்வை அதற்குள் இருக்கிறது.

ஆகவே, அந்த வீட்டை விரைந்து ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அதைக் கேட்கத் தயங்கித்தான் இவ்வளவு எழுதினேன். ஒருவேளை வீடு எங்களுக்கு இல்லையென்றால், 'இல்லை' என்று தமிழிலேயே, அம்மாவின் பெயருக்கே எழுதுங்கள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வார். அதற்கும் என்னைப் பொருள் சொல்ல வைத்துவிடாதீர்கள், ஐயா.

இடம்: நான்காம் மாடி
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
இஸ்திரிக்காரம்மாவின் மகள்