இரண்டாவது கூட்டாளி

இன்று காலை வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன். இந்த நெடி உனக்கு ஆகவே ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகினாய். டப்பாவை மூடிவிட்டேன். கரண்டே வராத பட்டறையில் வார்னிஷ் அடித்து என்ன ஆகப்போகிறது?

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. நன்னிலத்தில் நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கரண்ட் வேண்டுமென்றால் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் லைசென்ஸ் கேட்கிறார்கள். லைசென்ஸுக்குப் போனால் கூட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். நாம் இருவரும் போட்ட பத்திரத்தைக் காட்டினால், இரண்டு பேர் கூட்டில் ஒருவர் இறந்துவிட்டால் கம்பெனியே கலைந்த மாதிரி, புது ஆளைச் சேர்த்து எழுதி வாருங்கள் என்கிறார்கள். மோட்டார் எரிந்தால் என்ன செய்வதென்று டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தார்கள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் உன் அப்பா. குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே என்று சட்டம் வந்தபோது அவருக்குக் கிடைத்த மனையில்தான் பட்டறை நிற்கிறது. அவர் சம்மதக் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. அவரோ எந்தத் தாளையும் தொடாதவர். கணக்குக்கு என்று வெறும் தாளில் கைநாட்டு வாங்கி, குத்தகை நிலத்தை அவரே விட்டுக்கொடுத்ததாக மிராசுதார் எழுதிக்கொண்டாராம். பிறகு கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டும், உரக்கடன்கூட வேண்டாம் என்று ஒதுங்கியவர்.

நீ அவரோடு மல்லுக்கு நின்ற மத்தியானம் நினைவிருக்கிறதா?

"அது மிராசுதார் பேப்பருப்பா. இது நம்ம பேப்பரு."

"பேப்பருக்கு அது தெரியுமா?"

"ஓட்டுப் போடப் போறப்ப மட்டும் வெரல நீட்டி மை வச்சுக்கிறீங்க?"

"அது வெரல்ல வைக்கிறது. தாள்ல இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ என்னை முறைத்தாய். அந்தச் சம்மதம் வருவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் பொறுமை போய், மெட்ராஸ் கம்பெனி வேலைக்கே திரும்பப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை சலவைச் சட்டையோடு வாசலில் நின்றார். "வாங்க மாப்ள. எங்க போடணும்னு காட்டுங்க."

சம்மதத்தோடு, உன் இடத்தில் இரண்டாவது கூட்டாளியாகவும் அவரே. பத்திர எழுத்தரிடம் முழுவதையும் படிக்கச் சொன்னார். 'காலஞ்சென்ற' என்று உன் பெயர் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இத ஆரம்பிச்சதே எம் பொண்ணுதான்னு ஒரு வரி போடுங்க."

"பத்திரத்துல அப்படியெல்லாம் எழுதுறதில்ல பெரியவரே."

"அப்ப நான் போடல."

படித்தவன் எடுத்துச் சொல்லட்டும் என்று எழுத்தர் என்னைப் பார்த்தார். "எழுதுங்க" என்றேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். நீ போனதிலிருந்து என் குரல் அப்படி எழும்பியதே இல்லை.

எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே டைப் அடித்தார். உன் அப்பா எழுத்துக்கூட்டி, தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி, தன் பெயரைப் போட்டார்.

இன்று மத்தியானம் யூனியன் ஆபீஸில் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, இது எதற்கு, எடுத்துவிட்டு வந்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். எடுக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் மேலே கேட்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.

வேலைக்கு வரவில்லை என்று மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நாளைக்கும் போவேன்.