சனி, ஞாயிறு மாத்திரை

மார்ச் 7, சனி

வெயில் இப்போதே ஏறிவிட்டது. காலை ஒன்பதுக்கே கொள்ளிடத்து மணல் கண்ணைக் கூசுகிறது.

வசந்தியின் நாடி 76. வழக்கம்போல் தாளம் தவறித்தான். இதயத்துக்கு வாரத்தில் ஐந்து நாள் டிஜாக்ஸின் மாத்திரை, சனி ஞாயிறு கிடையாது. டாக்டர் சீட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருக்கிறது. மே மாதம் வால்வு மாற்றும் வரை இப்படித்தான்.

நாளை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடக்கம். இருபத்தெட்டு நாள் அம்மனுக்கே பச்சைப் பட்டினி. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு, அவ்வளவுதான். இந்த வருஷம் வ.வும் அம்மனோடு சேர்ந்து பட்டினி. ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுதல். வேண்டாம் என்று நான்கு நாள் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சலித்துவிட்டது. நால் ரோட்டிலிருந்து கோயில்வரை பூத்தட்டோடு நடக்கப்போகிறாளாம்.

அதனால் இன்றும் ஒரு மாத்திரை கொடுத்தேன்.

"இன்னைக்கு சனிக்கிழமையாச்சே?"

"நாளைக்கு நடக்கப்போறல்ல? எனக்குத் தெரியாதா?"

விழுங்கினாள். இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் இதயப் பாடம் நடத்துகிற புருஷன் கொடுத்தால் யார்தான் விழுங்க மாட்டார்கள்.

வாங்க: இளநீர் 4, வெல்லம், எலுமிச்சை. கேஸ் புக் பண்ண. மஞ்சள் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வாங்க.

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் கொடுத்தேன். நடந்தாள். நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு. வழியெல்லாம் மஞ்சள் புடவை, கூடை கூடையாகப் பூ, மோர்ப் பந்தல்.

"பாத்தீங்களா, மூச்சே வாங்கல. எல்லாம் ஆத்தா புண்ணியம்."

மாத்திரைப் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

லேப். இரண்டாம் வருஷம். தவளை அறுப்பதெல்லாம் நின்றுபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரில் ஒரு தவளை இதயம், அதற்குள் எந்த உப்பை விட வேண்டுமோ அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். சோடியம் அதிகமானால் துடிப்பு சோர்ந்து தளர்ந்து நிற்கும். கால்சியம் அதிகமானால் இறுகி இறுகி, இறுகின நிலையிலேயே நிற்கும். கால்சியத்தை அடியோடு எடுத்துவிட்டால் மின் அலை மட்டும் ஓடும், தசை சுருங்காது.

டிஜாக்ஸின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டது பாத்திமா. கேள்வி கேட்கிற ஒரே பிள்ளை. டவுன் பஸ்ஸை வைத்துச் சொன்னேன். சோடியம் ஏறினால்தான் கால்சியம் இறங்கும், அப்படி ஒரு வாசல். உள்ளே ஏறின சோடியத்தைப் பின்பக்கமாக இறக்கிவிட ஒரு பம்ப் இருக்கிறது. மருந்து அந்தப் பம்பைத் தடுக்கும். பஸ்ஸில் சோடியம் நெருக்கும். புதிதாக ஏற இடமில்லை, அதனால் கால்சியமும் இறங்க முடியாமல் உள்ளேயே நிற்கும். தசை பலமாகச் சுருங்கும்.

"அப்ப மருந்து கூடிப்போச்சுன்னா சார்?"

"அது அடுத்த வாரம்."

மார்ச் 12, வியாழன்

வ. இளநீரைப் பாதியில் வைத்துவிட்டாள். பானகம் குமட்டுகிறதாம். பட்டினி என்றால் அப்படித்தான் இருக்கும்.

கேஸ் வந்தது. செருப்பு அறுந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாம் பூச்சொரிதல். நேற்றும் கொடுத்தேன், இன்றும் கொடுத்தேன். போன வாரம் பலித்ததே. ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்ததில் நாடி எண்ணவில்லை.

கோயில் வாசலில் நின்று சொன்னாள்: "எல்லாம் மஞ்சளா தெரியுதுங்க. உங்க சட்டைகூட."

என் சட்டை வெள்ளை.

வ.வின் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா கண்ணுலயே வந்து நின்னுட்டா தம்பி! எம் தங்கச்சிக்கு இனி ஒரு குறையும் இல்ல." பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் வ.வின் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள். வ. சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். வெயில், கூட்டம், பூ, வேறென்ன இருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக.

காலை வகுப்பு. மருந்து கூடினால் என்ன ஆகும் என்ற பாடம். என் பழைய நோட்டைப் பாத்திமா சத்தமாக வாசித்தது. பசியின்மை. குமட்டல். நாடி தளர்தல். பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிதல்.

"மஞ்சக் காமாலையா சார்?"

"இல்லம்மா. பாக்கறது மஞ்சளா..." சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

வீட்டில் வ. கட்டிலோரம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை வாந்தி. நாடி 38. மறுபடி எண்ணினேன், 38. ஆட்டோவில் காவேரிப் பாலம் தாண்டும்வரை மணிக்கட்டை விடவில்லை.

டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். ஈ.சி.ஜி.யைப் பார்த்த உடனே கேட்டார்: "டிஜாக்ஸின் சனி ஞாயிறு நிறுத்தினீங்களா சார்?"

"ஆமா மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு சொல்லிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டார்.

மார்ச் 18, புதன்

முறிவு மருந்து இங்கே கிடைக்காதாம். தானாக இறங்க வேண்டும். மானிட்டர், டிரிப். நாடி 42, 40, 44.

டாக்டர்: "ஒழுங்கா எடுத்தும் ரத்தத்துல மருந்து இவ்வளவு ஏறியிருக்குன்னா கிட்னியை நம்ப முடியாது சார். நாளைக்கு கிட்னி டாக்டர் பாக்கட்டும். மே மாச ஆபரேஷன் இப்போதைக்கு இல்லைன்னு வச்சுக்குங்க."

அந்த வால்வு மே தாண்டித் தாங்குமா என்று கேட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் ஒரு பொய்யால் அவளுக்கு ஆபரேஷன் தள்ளிப்போகிறது. தெரிகிறது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சொல்லப் போனேன், டாக்டர் போனில் இருந்தார், டீ குடிக்கப் போய்விட்டேன்.

சிஸ்டர் கால்சியம் ஊசியோடு வந்தார். எழுந்து குறுக்கே நின்றேன். "இவங்களுக்கா? டிஜாக்ஸின் கேஸுக்குக் கால்சியம் போடக்கூடாது." பழைய பாடம்.

"பக்கத்து பெட்டுக்கு சார். உக்காருங்க."

இதெல்லாம் சொல்ல வாய் வருகிறது.

அழுகை இல்லை, பயம்கூடச் சரியாக வரவில்லை. லேப்பில் கால்சியத்தை எடுத்த பிறகு வருகிற அந்தக் கோடு, அலை ஓடும், தசை அசையாது, அப்படி இருக்கிறேன். மூன்று இட்லி சாப்பிட்டேன். செருப்பைத் தைக்கக் கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

நாடி 51. கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறதாம்.

பத்து மணிக்கு டியூட்டி டாக்டரும் கிட்னி டாக்டரும் சேர்ந்து வந்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் வ. பேசினாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். சனி ஞாயிறும் மாத்திரை போட்டேன். ரெண்டு வாரமும்."

"யாரும்மா போடச் சொன்னா?"

"நானேதான். கோயிலுக்கு நடக்கணும்னு. பட்டினி வேற இருந்தேன்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிரோட விளையாடறீங்களா? ஏன் சார், வீட்ல இவ்வளவு படிச்சவங்க இருக்கீங்க, கவனிக்கலையா?"

"இல்லை மேடம்."

வ. என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிட்னி டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். மருந்து கூடியதும் பட்டினியில் தண்ணீர் வற்றியதும்தான் காரணமாம், கிட்னி தேறிவிடும். மே மாதத்தை இப்போது மாற்ற வேண்டியதில்லை என்றார்கள்.

வ.வின் அக்கா வந்து அழுதார். "ஆத்தா குடுத்த கண்ணுன்னுல்ல நெனச்சேன்." அவரை ஆட்டோ ஏற்றிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

மேகம். நாடி 62. வார்டுக்கு மாற்றினார்கள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"டாக்டருக்கு என்ன நடந்துச்சுன்னுதானே தெரியணும். யாருன்னு எதுக்கு?"

"நான் சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

வெட்கமாக இருந்தது. இந்த நாலு நாளில் முதன்முதலாக ஏதோ ஒன்று உள்ளே வலித்தது.

எட்டு மணிக்கு சிஸ்டர் மாத்திரைகளைச் சின்னக் காகிதக் கப்பில் போட்டுக் கொண்டுவந்தார். வழக்கம்போல் வாங்கக் கையை நீட்டினேன்.

"சிஸ்டர், எங்கிட்ட குடுங்க," என்றாள் வ. "எது எதுக்குன்னு சொல்லிட்டு குடுங்க."

சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சொன்னார். வ. இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றேன்.