இரண்டு லுத்மிலாக்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, லுத்மிலா வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று என் பெயர்நாள், லுத்மிலா என்று பெயர் வைத்த எல்லோருக்குமான புனிதரின் திருநாள். கூட வேலை செய்கிறவர்கள் அழைக்காமலே வருவார்கள் என்று கசகசா ரொட்டி சுட்டு, விடுதி அறையில் நாற்காலிகள் போட்டு வைத்தேன். எங்கள் மீன் ஆலை மேற்பார்வைக்காரியும் லுத்மிலாதான். எல்லோரும் கீழ்மாடியில் அவள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன வாரம், இவர்களைக் கழிப்பறைக்குப் போக விடு என்று அவளிடம் சண்டை போட்டவள் நான்.

கடைசியில் தோழி யாத்விகா கதவைத் தட்டினாள்.

“கீழ நாற்காலி பத்தலடி, உன்னோடதக் குடேன். போகலன்னா வேலையில வச்சு வாட்டுவா. கோவிச்சுக்காத.”

“லுத்மிலான்னாலே ‘மக்களுக்குப் பிரியமானவ’ன்னுதானே அர்த்தம், ரெண்டு பேருக்கும் அதே பேரு, எடுத்துட்டுப் போ!” என்றேன். சிரித்துக்கொண்டே நான்கையும் தூக்கிப் போனாள்.

கவலைப்பட ஒன்றுமில்லை. பிளம் ஜாம் அனுப்பினால் சிறிய புட்டி போதும், இனி நான் மட்டும்தான் தின்பேன். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
லுத்மிலா